வேலை தேடும் பிள்ளைகளுக்குக் கணக்கு நோட்டைக் காட்டுங்கள்

வேளாண்மைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடியும்போதே விடுதியில் "அடுத்து என்ன?" என்ற பேச்சு தொடங்கிவிடும். வங்கித் தேர்வுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, டி.என்.பி.எஸ்.சி.க்கு ஒரு குழு, முதுகலை நுழைவுத் தேர்வுக்கு ஒரு குழு. உழவுக்கு மட்டும் குழு கிடையாது. மண்ணையும் பயிரையும் நாலு வருஷம் படித்த வகுப்பில் எழுந்து, "நான் ஊருக்குப் போய் விவசாயம் பார்க்கப் போறேன்" என்று ஒருவர் சொன்னால், பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் கைதட்டுவார்கள். "ஏக்கருக்கு என்ன நிக்கும்? எத்தனை நாள் வேலை? யார் வாங்குவா?" என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். வங்கி வேலைக்கு மட்டும் சம்பளம், படி, பதவி உயர்வு, பணியிட மாற்றம் எல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம்.

நான் இறுதியாண்டு மாணவி. திருவாரூர் மாவட்டம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊர். ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். அப்பா ரசாயன உரத்தை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நெல் திருவிழாவில் 2 கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கி, மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்துத் தொடங்கியவர். என் படிப்புக்கு வங்கியில் 3 லட்சம் கடன் இருக்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும். மாதம் 5,000 ரூபாய்க்குக் குறையாது. தம்பி பிளஸ் டூ. அதனால் எனக்கு இது கொள்கை விஷயம் மட்டுமல்ல. அடுத்த வருஷம் இந்நேரம் அந்த 5,000 ரூபாய் எங்கிருந்து வரும் என்பதும் சேர்ந்ததுதான்.

எந்த வேலை நல்ல வேலை என்று யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். அதற்குப் பதில், அந்தந்த வேலையில் இருப்பவர்களைத் தேடிப் போய் ஒரே நாலு கேள்விகளைக் கேட்டேன். உழவையும் அந்த வரிசையில் ஒன்றாக வைத்தேன்.

நாலு கேள்விகள்

ஒன்று: நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள்? (பொதுவாக என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பெருமையாகப் பேசுவார்கள். நேற்று என்று கேட்டால் உள்ளது வரும்.)

இரண்டு: உங்களுக்கு வரும் பணம் யார் கையிலிருந்து வருகிறது?

மூன்று: இந்த வேலைக்குத் தேவையான எதைக் கல்லூரி சொல்லித் தரவில்லை?

நாலு: இந்த வேலையை விட்டுப் போனவர் யார், ஏன் போனார்?

வங்கி, அரசு, கம்பெனி

வங்கியில் எங்கள் படிப்புக்கு உள்ள வேலை வேளாண் கள அலுவலர். ஐ.பி.பி.எஸ். சிறப்பு அலுவலர் தேர்வு வழியாக எடுக்கிறார்கள். 20 வயதுமுதல் 30 வயதுவரை எழுதலாம். முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என்று மூன்று கட்டம். வேலை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் விழும்.

அந்த வேலையில் இருக்கும் ஓர் அக்காவிடம் "நேத்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். "காலைல நகைக்கடன் கவுண்டர். மத்தியானம் கிசான் கார்டு புதுப்பிக்கிற பேப்பர். சாயங்காலம் வராக்கடன் லிஸ்ட்டை எடுத்துக்கிட்டு ரெண்டு ஊரு" என்றார். வயலில் இறங்கி எத்தனை நாள் ஆயிற்று என்றதற்கு யோசித்துத்தான் பதில் சொன்னார். அதே சமயம், "ஒரு உழவருக்கு எந்தக் கடன், எப்ப, எவ்வளவுன்னு சரியா சொல்லிக் கொடுத்தா, அவர் கந்துவட்டிக்குப் போகமாட்டார். அதை என்னால செய்ய முடியுது" என்றும் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டேன். சம்பளம் நிலையானது. பணம் வருவது கடன் வட்டியிலிருந்து.

அரசு வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண்மை அலுவலர். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் திட்டங்கள், மானியப் பட்டியல், பயிர்க் காப்பீட்டுக்கான அறுவடைப் பரிசோதனை, விதை இருப்பு. நல்ல மனசோடு வேலை செய்கிற அலுவலர் ஒருவர் இருந்தால் ஒரு வட்டாரமே மாறும், அதை நம் உழவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அறிவிப்பு எப்போது வரும், எத்தனை இடம் என்பது நம் கையில் இல்லை. இரண்டு மூன்று வருஷம் படித்துக் காத்திருக்கும் சீனியர்கள் இருக்கிறார்கள். காத்திருக்கும் காலத்தில் வீட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உரம், பூச்சிமருந்துக் கம்பெனிகள்தான் வளாகத் தேர்வுக்கு அதிகம் வருகின்றன. பைக், பெட்ரோல் படி, முதல் மாதமே சம்பளம். அந்த வேலையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த ஓர் அண்ணன், "மாசம் முதல் பதினஞ்சு நாள் நான் வேளாண் பட்டதாரி. அடுத்த பதினஞ்சு நாள் டார்கெட்டுதான்" என்றார். பூச்சி பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால்தான் மருந்து என்று பாடத்தில் படித்தோம். அதை அப்படியே உழவரிடம் சொன்னால் அவருடைய விற்பனை குறையும். இரண்டாவது கேள்விக்கு இங்கே கிடைத்த பதில் அதுதான்: விற்ற பாட்டிலிலிருந்து சம்பளம். எங்கள் வீட்டில் இருந்துகொண்டு என்னால் அதைச் செய்ய முடியாது. போகிற நண்பர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். அவர்களுக்கும் தவணை இருக்கிறது.

உழவை ஒட்டிய வேலைகள்

இயற்கை வேளாண்மையைச் சுற்றியும் வேலைகள் இருக்கின்றன. கல்லூரியில் இவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

முதலாவது, சான்றளிப்பு. ஏற்றுமதிக்கும் பெரிய சந்தைக்கும் உள்ள தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் 2001இல் வந்தது. இதில் ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டு மாற்றக் காலம் உண்டு. சிறு உழவர்கள் குழுவாகச் சேர்ந்தால், குறைந்தது 25 பேருக்கு ஓர் உள் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்துக் குழுச் சான்று வாங்கலாம். அந்த அமைப்புக்கு உள் ஆய்வாளர் தேவை. ஒவ்வொரு உழவரின் வயல் வரைபடம், விதை எங்கிருந்து வந்தது, என்ன இடுபொருள், பக்கத்து வயலிலிருந்து மருந்துச் சாரல் வராமல் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு விளையும் என்ற மதிப்பீடு என்று எல்லாவற்றையும் நேரில் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. எனக்குத் தெரிந்த உள் ஆய்வாளர் ஒருவர், "நேத்து பதினோரு வயல் நடந்தேன்" என்றார். வங்கிச் சம்பளத்தைவிடக் குறைவுதான். ஆனால் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கலாம். ஒரே ஆண்டில் நூறு உழவர்களின் பதிவேடு கண்முன் வந்துபோகும்.

இரண்டாவது, உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் முதன்மைச் செயல் அலுவலர். 2020இல் வந்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. செயல் அலுவலரின் மாதச் சம்பளத்துக்கு 25,000 வரை அதிலிருந்து கொடுக்கலாம். நான் பார்த்த அலுவலர் வெளிப்படையாகச் சொன்னார்: "மூணு வருஷம் அரசாங்கம் குடுக்கும். நாலாவது வருஷம் கம்பெனி சம்பாதிச்சாத்தான் எனக்குச் சம்பளம்." ஆகவே இந்த வேலைக்குப் போகிற மாணவர்கள், சேரும் நாளிலேயே நாலாம் வருஷக் கணக்கைக் கேட்க வேண்டும். கணக்குப் புத்தகம் படிப்பது, கொள்முதல், சரக்கு இருப்பு எதுவும் எங்களுக்குக் கல்லூரியில் போதுமான அளவு கிடைப்பதில்லை.

மூன்றாவது, வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் என்ற சொந்தத் தொழில். 2002இல் தொடங்கிய மத்தியத் திட்டம். 45 நாள் இலவசப் பயிற்சி, பிறகு வங்கிக் கடன். மானியம் பொதுப் பிரிவினருக்கு 36 விழுக்காடு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44 விழுக்காடு. பெரும்பாலும் இது இன்னொரு மருந்துக் கடையாக முடிகிறது. ஆனால் உயிர் உரம், ஒட்டுண்ணி அட்டை, வாடகைக்கு நடவு இயந்திரம், களைக்கருவி, சிறு அரிசி ஆலை என்று நம் பாதைக்கு ஏற்றதாகவும் அமைக்கலாம். வழிகாட்ட ஆள் இருந்தால் மாணவர்கள் துணிவார்கள்.

உழவு என்கிற வேலை

இதே நாலு கேள்விகளோடு உழவர்களிடம் போனேன். இறுதியாண்டில் எங்களுக்குக் கிராமப்புற வேளாண் பணி அனுபவப் பயிற்சி உண்டு. ஊரில் தங்கி உழவரோடு வேலை செய்ய வேண்டும். அந்த நாட்களில் ஏழு இயற்கை உழவர்களைச் சந்தித்தேன். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். முதல் கேள்விக்கும் நாலாவதுக்கும் மணிக்கணக்கில் பதில் சொன்னார்கள். "போன சம்பாவுல ஏக்கருக்கு என்ன செலவு, என்ன நின்னுச்சு?" என்றபோது இரண்டு விதமான பதில்தான் வந்தது. ஒன்று, "விவசாயத்துல என்னம்மா இருக்கு, நீயாவது வேலைக்குப் போ." இன்னொன்று, "இயற்கைக்கு வந்தா செலவே இல்ல பாப்பா, எல்லாம் லாபம்." எழுதி வைத்த கணக்கு ஏழு பேரில் இரண்டு பேரிடம்தான் இருந்தது.

எங்கள் வீட்டிலும் கணக்கு நோட்டு இல்லை. அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து, ரசீது, தாள், ஞாபகம் எல்லாவற்றையும் சேர்த்துப் போன சம்பாவுக்கு எழுதினேன். மாப்பிள்ளைச் சம்பா, ஒரு ஏக்கருக்கு:

உழவு, சேடை 5,000. நாற்றுப் பறித்து நட 6,000. களை இரண்டு முறை 4,000. வெளியில் வாங்கிய தொழுவுரம், பஞ்சகவ்யச் சாமான்கள் 2,500. அறுப்பு மெஷின் 4,500 (பயிர் சாய்ந்ததால் நேரம் கூடிவிட்டது). காயவைக்க, சாக்கு, ஏற்றுக்கூலி 2,000. ஆக 24,000 ரூபாய்.

விளைச்சல் 60 கிலோ மூட்டையில் 18 மூட்டை. நெல்லாகக் கொடுத்தால் மூட்டை 2,000 வீதம் 36,000. நின்றது 12,000. மூன்று ஏக்கருக்கு 36,000.

அதே நெல்லை அரைத்து அரிசியாக விற்றால், 1,080 கிலோ நெல்லுக்கு 640 கிலோ அரிசி தேறியது. கிலோ 80 வீதம் 51,200. அரவை, சலித்தல், பை, வண்டிக்கூலி 9,200 போக 42,000. சாகுபடிச் செலவு 24,000 கழித்தால் 18,000. மூன்று ஏக்கருக்கு 54,000.

இதில் எங்கள் வீட்டு ஆட்களின் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. எண்ணிப் பார்த்தோம். அந்தச் சம்பாவில் அப்பாவுக்கு 70 நாள், அம்மாவுக்கு 45 நாள். எங்கள் ஊர்க் கூலிப்படி அப்பாவுக்கு 500, அம்மாவுக்கு 300 (ஆண் கூலியும் பெண் கூலியும் இன்னும் ஒன்றாகவில்லை) என்று போட்டால் 48,500 ரூபாய். நெல்லாக விற்றிருந்தால் இரண்டு பேரின் கூலியே வந்திருக்காது. அரிசியாக விற்றதால் கூலி வந்து, 5,500 மிஞ்சியது.

நெல்லுக்குப் பின் உளுந்து. ஏக்கருக்கு 180 கிலோ, கிலோ 80 என்று 14,400. செலவு 4,400 போக 10,000. சம்பாவும் உளுந்தும் சேர்த்து மூன்று ஏக்கரிலும் வருஷத்துக்கு 84,000; மாதம் 7,000. அதில் 5,000 என் தவணைக்குப் போனால் வீட்டுக்கு 2,000.

இதைப் படித்துவிட்டு யாரும் மனம் தளர வேண்டாம். வீட்டு அரிசி, உளுந்து, பால், கீரை இந்தக் கணக்கில் வரவில்லை. மண் வளம் கூடியதற்கும் மருந்துக்கடைப் பாக்கி இல்லாததற்கும் விலை போடவில்லை. அவை இருக்கின்றன. ஆனால் வங்கித் தவணையை அவற்றால் கட்ட முடியாது.

கணக்கிலிருந்து வந்த வேலை

எழுதி முடித்த பிறகு கண்ணில் பட்டது வேறு. நெல்லுக்கும் அரிசிக்கும் இடையே ஏக்கருக்கு 6,000 ரூபாய் இருக்கிறது. அதை எடுக்க ஆள் வேண்டும். மூன்று ஏக்கர் அரிசி 1,920 கிலோ. 5 கிலோ பையாகப் போட்டால் 384 பை. மாசி தொடங்கி ஆவணிவரை போன் பேசி, வண்டு விழாமல் பார்த்து, பார்சல் போட்டு விற்றோம். அப்பாவுக்கு அது பிடிக்காத வேலை. எங்களைச் சுற்றி மரபு நெல் போடும் உழவர்கள் பெரும்பாலும் நெல்லாகவே கொடுத்துவிடுகிறார்கள், காரணம் இதுதான்.

பத்துக் குடும்பம், 30 ஏக்கர் என்று வைத்தால் அந்த இடைவெளி வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். பாதி உழவருக்கு, பாதி விற்பவருக்கு என்று பிரித்தால் விற்பவருக்கு மாதம் 7,500. முழுநேரச் சம்பளம் ஆகாது. என் தவணையைக் கட்டும்.

இதற்கும் சட்டம் இருக்கிறது. அப்பா தன் அரிசியை நேரே சாப்பிடுகிறவருக்கு விற்பது வேறு. பத்துப் பேரின் நெல்லை வாங்கி அரைத்து "இயற்கை அரிசி" என்று பை போட்டு விற்பது வேறு. 2017இல் வந்த இயற்கை உணவு விதிமுறைகளின்படி இரண்டாவதற்குச் சான்று வேண்டும். பங்கேற்பு உத்தரவாத முறை, அதாவது பி.ஜி.எஸ்., போதும். குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று தரும் முறை அது. பதிவேடு எழுத ஆள் கிடைக்காததால்தான் எங்கள் பக்கம் பல குழுக்கள் நின்றுபோகின்றன. பட்டம் படித்த ஒருவர் ஊரில் இருந்தால் அது நடக்கும்.

நமக்கு முன்னால் போனவர்களும் கணக்கைப் பார்த்தே பாதையை மாற்றியிருக்கிறார்கள். நம்மாழ்வார் ஐயா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மானாவாரி உழவருக்குக் கட்டுப்படியாகாத இடுபொருள்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி யாருக்கு என்று கேட்டு, 1969இல் வெளியே வந்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா லண்டனில் படித்த கணக்குத் தணிக்கையாளர். காந்தியைச் சந்தித்த பிறகு, குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் உழவர் வீட்டு வரவு செலவை எழுதினார். அவருடைய கிராமப் பொருளாதாரம் அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்தது. பஞ்சகவ்யத்தைப் பயிருக்குக் கொண்டுவந்த கொடுமுடி நடராஜன் மருத்துவர். உழவுக்கு உதவ எல்லோரும் ஏர் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

என் முடிவு

குழுச் சான்று வைத்திருக்கும் ஓர் அமைப்பில் உள் ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். வரும் தையிலிருந்து எங்கள் நிலத்து அரிசியோடு இன்னும் நாலு குடும்பத்தின் அரிசியையும் விற்பது என் பொறுப்பு. பி.ஜி.எஸ். குழுவுக்கு ஐந்து வீடு சரியாக வந்துவிட்டது. வயலை அப்பா பார்ப்பார். இரண்டு சம்பாவுக்குக் கணக்கு எழுதுவேன். அதற்குள் அரிசி விற்பனையில் மாதம் 4,000 ரூபாயாவது எனக்கு நிற்கவில்லை என்றால், வங்கித் தேர்வு எழுதுவேன், வயது இருக்கிறது. இதை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "கணக்கு எழுதுறவ சொன்னா சரிதான்" என்றார். அம்மா, "எனக்கும் 500 போட்டு எழுது" என்றார். அடுத்த சம்பாவிலிருந்து அப்படித்தான் எழுதப் போகிறேன்.

உழவர்களுக்கு ஒரு கோரிக்கை

இந்த இதழைப் படிக்கும் உழவர் பெருமக்கள் பலர் வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் "விவசாயத்துக்கு வா" என்றும் சொல்ல வேண்டாம், "வராதே" என்றும் சொல்ல வேண்டாம். ஒரு நோட்டு போடுங்கள். ஐந்து விஷயம் எழுதினால் போதும்: கைக்காசு செலவு, வீட்டு ஆட்களின் வேலை நாள், விளைச்சல், எந்த உருவில் யாருக்கு என்ன விலைக்கு விற்றோம், பணம் கைக்கு வந்த தேதி. நட்டம் வந்த வருஷத்தையும் எழுதுங்கள். வெள்ளம் வந்து மூழ்கிய வருஷக் கணக்கைப் பார்த்த பிறகும் ஒரு பிள்ளை வயலுக்கு வந்தால், அடுத்த வெள்ளத்தில் ஓடிப்போகாது.

மாணவர்கள் யாராவது கேட்டு வந்தால் பத்து நாள் வயலில் விடுங்கள். பத்தாம் நாள் அந்த நோட்டை எடுத்துக் கையில் கொடுங்கள்.

மாணவ நண்பர்களுக்கு: பயிற்சிக்குப் போகும் ஊரில் செயல்முறை விளக்கத்துக்குப் போட்டோ எடுத்து முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு வீட்டின் ஓராண்டு வரவு செலவை உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த உழவரிடம் ஒரு கணக்கு இருக்கும், உங்களிடம் ஒரு நகல் இருக்கும். வேலையைப் பற்றி முடிவெடுக்க உட்காரும்போது வங்கிச் சம்பளப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதையும் வைத்துப் பாருங்கள்.